மீன் பெட்டியில் வைத்த ஊசி

தீவில், வண்டூரிலிருந்து வரும் காலை பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு புருஷனும் பெண்சாதியும். அவன் மடியில் மீன் பெட்டி. அவளுக்கு விரல் மூட்டெல்லாம் வீக்கம்.

“மெயின்லேண்டுலருந்து வந்த என் மூட்டுவலி ஊசிய மீன் ஐஸுக்குள்ள புதைச்சீங்களே. குளிர்ச்சியா வைக்கத்தானே சொன்னாங்க, உறைய வைக்கவா சொன்னாங்க?”

“அரே, மீனே கெடல. மருந்து கெட்டுருமாக்கும்.”

“உறைஞ்சது குப்பைக்குத்தான்னு நர்ஸ் ஃபோன்ல சொல்லிட்டா. அடுத்தது வர ஒரு மாசமாகும். உடம்புல ஏதோ ஒரு புரதம், எதிரியே இல்லாம சண்டைக்கு ஆள் கூப்பிடுதாம். அதோட வாயடைக்கிற ஊசிங்க அது.”

“உன் வாய்க்கும் ஒண்ணு கேட்டுப் பாக்குறேன்.”

டெய்ரி ஃபார்ம் ஸ்டாப்பில் இறங்கும்போது அவளால் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. அவனோ இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்திருந்தான்.

“நல்லாப் பிடிச்சுக்குங்க,” என்றாள். “மீனாவது கெடாம போய்ச் சேரட்டும்.”