ரெண்டு மேசைக்கு நடுவுல ஒரு சாண்

ஆனந்த்ராஜ்: மெதுவா... மெதுவா... யோவ் குஞ்சிதபாதம், உன் பக்கம் எறக்குய்யா. நெலையில இடிக்குது பாரு.

குஞ்சிதபாதம்: அண்ணே, இது எங்க வூட்டு டேபிளு. இடிச்சா வலிக்கறது எனக்கு. நீங்க உங்க கால மட்டும் பாத்து வைங்க.

லிடியா: ரெண்டு பேரும் வாயால தூக்காதீங்க, கையால தூக்குங்க. இப்பிடி... எங்க மேசைக்குப் பக்கத்துல போடுங்க.

ஆனந்த்ராஜ்: ஒட்டக் கூடாது.

லிடியா: ஒட்டல.

ஆனந்த்ராஜ்: நடுவுல ஒரு சாண் இருக்கணும். என் கைச் சாண். நவுருங்க, நானே அளக்கறேன்.

குஞ்சிதபாதம்: அண்ணே... ஈஸ்டர் அதுவுமா கதவத் தட்டி டேபிள் கேட்டீங்க, குடுத்துட்டேன். பக்கத்து குவார்ட்டர்ஸ்காரன், கேக்கக் கூடாதுதான். ஆனா ரெண்டு டேபிள போட்டு நடுவுல சாண் அளக்கறீங்களே, இது உங்க சாமி சொன்னதா?

ஆனந்த்ராஜ்: எங்க வூட்டு டீச்சரம்மாவக் கேளு. நாப்பது நாளா அவங்க அமெரிக்காவுலதான் இருக்காங்க. சோறாக்க மட்டும் நெய்வேலிக்கு வந்துட்டுப் போறாங்க.

லிடியா: சபைக்கு அமெரிக்காவுலேருந்து பழைய துணி மூட்டை வந்துச்சி தம்பி. அதுக்குள்ள ஒரு கதை புக்கு கெடந்துச்சி. ஆமிஷ்காரங்க குடும்பத்துக் கதை. தெனம் சாயங்காலம் இவருக்கு அதப் படிச்சித் தமிழ்ல சொல்றேன்.

குஞ்சிதபாதம்: ஆமிஷ்னா?

லிடியா: அங்க அப்பிடி ஒரு கிறிஸ்தவக் கூட்டம். வெவசாயம் பண்ணிகினு, குதிரை வண்டி ஓட்டிகினு, தனியா இருப்பாங்க. கார் கெடையாது, டிவி கெடையாது. சட்டையில பட்டன் வச்சாக்கூட பகட்டுன்னு ஊக்கு மாட்டிப்பாங்க. வூட்டுக்கு கரண்டே இழுக்க மாட்டாங்க.

குஞ்சிதபாதம்: கரண்ட் வேணாமா! அய்யய்யோ... அவங்க மட்டும் இங்க வந்து சபை ஆரம்பிச்சாங்க, நாம கரண்ட் எடுக்கற தெர்மல மூடிட்டு முந்திரிக்கொட்ட பொறுக்கத்தான் போவணும்.

ஆனந்த்ராஜ்: அதச் சொல்லு! நான் தெர்மல்ல டர்பைன் ஓட்றவன்யா. மெட்ராஸ்ல வெளக்கு எரியறது என்னால. என் வூட்ல ஈஸ்டருக்கு முந்தின இந்த லெந்து நோன்புக் காலம் பூரா, பொழுது சாஞ்சா சிம்னி வெளக்கு! டிவி மேல துண்டு போட்டு மூடி, அதுக்கு மேல பூ ஜாடி வேற. செத்த வூடு மாதிரி.

லிடியா: லெந்துல எதையாவது விட்டு இருக்கணும்ல? போன வருசம் நீங்க எத விட்டீங்க, சொல்லுங்க பாப்போம்.

ஆனந்த்ராஜ்: அது எதுக்கு இப்ப...

லிடியா: பாவக்கா.

குஞ்சிதபாதம்: யோவ் அண்ணே! பாவக்காய நீங்க என்னிக்குத் தின்னீங்க, விடறதுக்கு?

ஆனந்த்ராஜ்: டிவிய மூடினதுல கிரிக்கெட் மேட்ச் போச்சேய்யா! கல்கத்தாவுல நம்ம இந்தியாக்காரன் ஃபாலோ ஆன் வாங்கிட்டு ஜெயிச்சான். இனி எந்த ஜென்மத்துல நடக்கப் போவுது அது?

லிடியா: பாவம், பாக்கவே இல்ல. கேண்டீன் டிவி முன்னாடி டிபன் டப்பாவ மடியில வச்சிகினு கை தட்டினது யாரு, உங்க ஆவியா?

ஆனந்த்ராஜ்: பொருத்தனை வூட்டு டிவிக்குத்தான். கேண்டீன் டிவியப் பத்தி நான் ஆண்டவர்கிட்ட வாக்கே குடுக்கல.

லிடியா: இதான் இவரு. குடுத்த வாக்குல சந்து தேடறதுல எமகாதகரு. அந்த ஆமிஷ்காரங்களும் லேசுப்பட்டவங்க இல்ல தம்பி. வூட்ல போன் வைக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு. அதனால மாட்டுக்கொட்டாயில வச்சிப்பாங்க.

குஞ்சிதபாதம்: எங்க வூட்டு போன் மாதிரியா? எங்க வூட்ட மாட்டுக்கொட்டாய்னு சொல்லிட்டீங்களே டீச்சர்! உங்க பொண்ணு கிறிஸ்டினா பாப்பாகிட்ட பேச நீங்க அங்கதான வர்றீங்க...

ஆனந்த்ராஜ்: டேபிள் காலு ஆடுது. மொதல்ல அதப் பாருய்யா.

குஞ்சிதபாதம்: இல்ல... பேரச் சொல்லக் கூடாதோ?

லிடியா: சொல்லலாம். இன்னிக்கி சொல்லலாம். அவதான் வரா. சிலம்பரசனும் புள்ளையும் கூட வராங்க. அதுக்குத்தான் இந்த டேபிளு.

குஞ்சிதபாதம்: அண்ணன் ஏதோ சத்தியம் பண்ணிட்டாருன்னு அப்ப பிளாக்கே பேசிச்சி. என்னன்னு எனக்கு சரியாத் தெரியாது.

லிடியா: ரெண்டு வருசம் முன்னாடி பொண்ணு ரிஜிஸ்தர் ஆபீஸ்ல சிலம்பரசனோட மாலை மாத்திக்கினா. அடுத்த ஞாயித்துக்கெழமை இவரு சபையில எழுந்து நின்னாரு. பாஸ்டர் அறிவிப்பு வாசிக்கத்தான் வாயத் தொறந்தாரு, இவரு முந்திக்கினாரு. 'இனி என் பொண்ணும் நானும் ஒரே மேசையில உக்காந்து சாப்பிட மாட்டோம், இது ஆண்டவருக்கு என் பொருத்தனை'ன்னுட்டாரு. யாருமே கேக்கல தம்பி. ஆண்டவர் உள்பட.

ஆனந்த்ராஜ்: இந்துப் பையன். நான் கமிட்டி மெம்பரு. வேற என்னா பண்ணச் சொல்ற?

லிடியா: இந்துப் பையன்றது வெளிய சொல்றதுக்கு. உங்களுக்கு உறுத்தினது அவன் மைன்ஸ்ல கான்ட்ராக்ட் லேபர்ன்றது. பெர்மனென்ட் ஆர்டரோட வந்திருந்தா, 'ஆண்டவர் அந்தப் பையனையும் அழைக்கறாரு'ன்னு நீங்களே பந்தல் போட்டிருப்பீங்க.

குஞ்சிதபாதம்: அது வாஸ்தவம். நம்ம ஊர்ல ரெண்டே மதம்தான். ஒண்ணு பெர்மனென்ட், ஒண்ணு கான்ட்ராக்ட்.

ஆனந்த்ராஜ்: நீ டேபிள் தூக்க வந்தியா, பஞ்சாயத்து பண்ண வந்தியா?

லிடியா: போன கிறிஸ்மஸுக்கு அவ கைக்கொழந்தையோட வந்தா தம்பி. இவரு என்னா பண்ணாரு தெரியுமா? தட்டத் தூக்கிகினு வராண்டாவுக்குப் போயி, செருப்பு ஸ்டாண்டு பக்கத்துல உக்காந்து சாப்பிட்டாரு. அவ சோத்தத் தொடவே இல்ல.

ஆனந்த்ராஜ்: எனக்கு மட்டும் எறங்குச்சா?

லிடியா: அது அவளுக்கு எப்பிடித் தெரியும்? முந்தாநேத்து போன்ல சொல்லிட்டா. 'இன்னொரு தடவ அப்பா தட்டத் தூக்கினாரு, அந்த வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்மா, நீயும் என்னக் கூப்பிடாத'ன்னு. வெளையாட்டுக்குச் சொல்லல. அவளுக்கும் இவரு ரத்தம்தான ஓடுது.

குஞ்சிதபாதம்: அதுக்கும் இந்த சாணுக்கும் என்னா சம்பந்தம் டீச்சர்?

லிடியா: ஆமிஷ்காரங்களுக்கும் இந்த வழக்கம் உண்டு தம்பி. சபைய மீறினா தள்ளி வச்சிடுவாங்க. அடிக்க மாட்டாங்க, திட்ட மாட்டாங்க. கூட உக்காந்து சாப்பிட மாட்டாங்க, அவ்ளோதான். அந்தக் கதையில எஸ்ரான்னு ஒரு அப்பன்...

குஞ்சிதபாதம்: தாடி வச்சிருப்பாரா?

லிடியா: தாடி உண்டு, மீசை கெடையாது.

குஞ்சிதபாதம்: மீசை இல்லாம தாடி மட்டுமா! அது என்னா கணக்கு...

ஆனந்த்ராஜ்: யோவ், கதையக் கெடுக்காத. சொல்ல வுடு.

குஞ்சிதபாதம்: நீங்க கேட்ட கதைதான அண்ணே?

ஆனந்த்ராஜ்: கேட்டதுதான். இந்த எடம் நல்லா இருக்கும்.

லிடியா: அவன் பொண்ணு லீனா. வெளியாளு ஒருத்தன, லாரி ஓட்றவன, கட்டிக்கினு போயிட்டா. எஸ்ரா ஒத்தக் கால்ல நிக்கறான், சேத்துக்கவே மாட்டேன்னு. சோளக் காட்டுக்குள்ள போயி அழறான். வாய்க்கால்ல மூஞ்சியக் கழுவிகினு வூட்டுக்கு வரான். பொண்டாட்டி பாக்கறா, ஒண்ணும் கேக்கல. வருசம் ஓடுது. ஒருநாள் லீனா புள்ளையோட வாசல்ல வந்து நிக்கறா. கூட உக்காந்தா கட்டுப்பாடு போச்சி. உக்காரலன்னா பொண்ணு போச்சி.

குஞ்சிதபாதம்: அப்புறம்?

ஆனந்த்ராஜ்: இப்பத்தான். இப்பப் பாரு.

லிடியா: எஸ்ரா கொல்லைப் பக்கம் போறான். அங்க கெடந்த இன்னொரு மேசைய அவனே தூக்கியாறான். சாப்பாட்டு மேசை பக்கத்துல போடறான், ஒட்டாம. நடுவுல சந்து. ரெண்டுக்கும் மேல ஒரே துணிய விரிக்கறான். மேலேருந்து பாத்தா மேசை ஒண்ணு. குனிஞ்சி பாத்தா ரெண்டு. கட்டுப்பாடும் நின்னுச்சி, பொண்ணும் உக்காந்துட்டா.

குஞ்சிதபாதம்: அடி ஆத்தி... என்னா மூளை! கடவுளு குனிஞ்சி பாக்க மாட்டாருன்னு ஒரு தைரியம்.

லிடியா: நேத்து சாயங்காலம் இந்த எடத்துக்கு வந்தப்ப இவரு அழுதாரு.

ஆனந்த்ராஜ்: சிம்னிப் புகை.

லிடியா: வெளக்க அணைச்சப்புறமுமா?

ஆனந்த்ராஜ்: புகை என்ன ஷிப்ட் முடிஞ்சா போற ஆளா? நிக்கும் கொஞ்ச நேரம். துணிய எடு, துணிய எடு.

லிடியா: இருக்கற மேசைத்துணி ரெண்டுக்கும் பத்தல. டபுள் பெட்ஷீட்ட எடுத்தேன். மயில் போட்டது.

குஞ்சிதபாதம்: படுக்கறதயே விரிச்சிட்டீங்களா! டீச்சர், பாத்து. நடுவுல கொழம்புக் கிண்ணிய வச்சீங்க, மயிலோட சேந்து சந்துல போயிடும்.

லிடியா: நடுவுல ஒண்ணும் வைக்க மாட்டேன். பிரியாணி இந்தப் பக்கம், தயிர் பச்சடி அந்தப் பக்கம். புள்ளைக்கு மட்டும் கொஞ்சம் பருப்புஞ்சோறு கொழைக்கணும். பல்லு இல்லாத வாயி.

ஆனந்த்ராஜ்: கீழ ரெண்டு மொளச்சிருக்கு.

லிடியா: என்னாது?

ஆனந்த்ராஜ்: இல்ல... மொளச்சிருக்கும்னு சொன்னேன். எட்டு மாசப் புள்ளைக்கு மொளைக்காதா பின்ன?

குஞ்சிதபாதம்: அண்ணே, இப்பத்தான் ஞாபகம் வருது. நைட் ஷிப்ட் முடிஞ்சி உங்க ஸ்கூட்டர் வூட்டுப் பக்கம் திரும்பாம பண்ருட்டி ரோட்ல போறத ரெண்டு மூணு தடவ பாத்தேன். முத்தாண்டிக்குப்பம் அந்த ரோடுதான? பாப்பா இருக்கற ஊரு?

ஆனந்த்ராஜ்: பலாப்பழம் பாக்கப் போனேன்யா.

குஞ்சிதபாதம்: தை மாசத்துலயா?

ஆனந்த்ராஜ்: பிஞ்சு... கறி வைக்க. உன்னக் கேட்டாங்களா இப்ப? போயி வாசல்ல ஆட்டோ வருதா பாரு.

குஞ்சிதபாதம்: வந்துடுச்சி அண்ணே. அதோ, பாப்பா எறங்கறா. சிலம்பரசன் கையில ஒரு பெரிய முழுப்பலா. இதான் சீசனு, பாத்துக்கோங்க.

லிடியா: ஐயோ, அடுப்புல எண்ணெ காயுது. எறக்கி வச்சிட்டு வந்துடறேன். நீங்க போங்க வாசலுக்கு.

ஆனந்த்ராஜ்: நானா? மொத நீ போ.

லிடியா: போங்கன்றேன்ல. புள்ளைக்கு உங்க மூஞ்சி தெரியாது, பயந்து கத்தப் போறான். கண்ணாடியக் கழட்டிட்டுப் போங்க.

ஆனந்த்ராஜ்: அவன் எதுக்குக் கத்தறான்... வாம்மா கிறிஸ்டினா. வாப்பா சிலம்பு. வாங்க, வாங்க, வெயிலு...

குஞ்சிதபாதம்: டீச்சர்! டீச்சர்! ஓடியாங்க! பையன் அவங்கம்மா இடுப்புலேருந்து அண்ணன் மேல தாவறான்! ஏய், கண்ணாடியப் புடுங்கறான்... இப்ப சட்டப் பாக்கெட்டுல கை விட்டு பிஸ்கெட்ட எடுக்கறான்!

லிடியா: பாத்துகினுதான் இருக்கேன் தம்பி.

குஞ்சிதபாதம்: தெரியாத ஆளு பாக்கெட்டுல பிஸ்கெட் இருக்கறது புள்ளைக்கு எப்பிடி டீச்சர் தெரியும்?

ஆனந்த்ராஜ்: கொழந்தைங்கன்னா அப்பிடித்தான்யா. வாசனை புடிச்சிடும்.

லிடியா: பாக்கெட்டுக்குள்ள இருக்கற பிஸ்கெட்டுக்கு வாசனையா?

ஆனந்த்ராஜ்: கிறிஸ்டினா, நீ மாப்பிள்ளையக் கூட்டிகினு போயி கை கால் கழுவிகினு வாம்மா... லிடியா, அப்பிடிப் பாக்காத. போனேன். ஆமா, போனேன். கிறிஸ்மஸ் அன்னிக்கி அந்த செருப்பு ஸ்டாண்டு பக்கத்துல உக்காந்தனே, சோறு தொண்டையிலயே நின்னுச்சி. நின்னது எறங்கவே இல்ல. மறுவாரமே போயிட்டேன். அப்புறம் நைட் ஷிப்ட் முடியற அன்னிக்கெல்லாம் போவேன்.

லிடியா: போயி?

ஆனந்த்ராஜ்: சாப்பிடுவேன்.

லிடியா: அவகூட உக்காந்தா?

ஆனந்த்ராஜ்: அவகூட உக்காந்துதான். ஆனா பொருத்தனைய மீறலடி! அவ வூட்ல மேசையே கெடையாது. தரையில கோரைப்பாயி. நான் மேசைன்னுதான சொன்னேன்? பாயின்னு ஒரு வார்த்த சொன்னேனா?

குஞ்சிதபாதம்: அடேங்கப்பா! அந்த எஸ்ராவையே தூக்கிச் சாப்பிட்டுட்டீங்களே அண்ணே!

ஆனந்த்ராஜ்: உன்கிட்ட சொல்ல வாய் வரல லிடியா. ஊரக் கூட்டி சவால் வுட்டவன், திருட்டுப் பூனையாட்டம் விடிகாலையில போயி... ஆனா அவ மீன் கொழம்பு வச்சிருப்பா பாரு. அப்பிடியே உன் கை மணம். வாயில வச்சதும் எனக்கு என்னமோ ஆயிடும்.

லிடியா: என் கை மணம் ஏன் இருக்காது? என் கைதான வச்சிது.

ஆனந்த்ராஜ்: என்னா?

லிடியா: முந்தின நாளு சாயங்காலம் தூக்குவாளியில ஊத்தி ஸ்கூல் கேட்டாண்ட சிலம்பரசன்கிட்ட குடுத்தனுப்புவேன். உங்க ஷிப்ட்டு எனக்குத் தெரியாதா? உங்க பேண்ட்டு தொவைக்கறது யாரு? பின்பக்கம் பூரா கோரைப்பாய் அச்சு. தெர்மல்ல என்னா, பாயி விரிச்சி உக்காந்தா டர்பைன் ஓட்றீங்க?

குஞ்சிதபாதம்: கடவுளே... இந்த வூட்ல நான் ஒருத்தன்தான் ஒண்ணும் தெரியாம டேபிள் தூக்கியிருக்கேன்.

ஆனந்த்ராஜ்: தெரிஞ்சிகினேவா? எல்லாம் தெரிஞ்சிகினேவா என்ன நாப்பது நாளு இருட்டுல உக்கார வச்சி அந்தக் கதையப் படிச்ச? மேட்ச் கூட பாக்க விடாம?

லிடியா: ஒளிஞ்சி போயி சாப்பிடறது உங்களுக்குப் போதும்ங்க. அவளுக்குப் போதல. அவ பொறந்து வளந்த வூட்ல, வாசல் வழியா வந்து, பட்டப்பகல்ல, அப்பன் எதிர்ல உக்காரணும் அவளுக்கு. அதக் கேட்டு எங்கிட்ட போன்ல அழுதா.

ஆனந்த்ராஜ்: சரி... சரி... அதான் எஸ்ரா மாதிரியே மேசை போட்டாச்சே. கண்ணத் தொடை, அவ வந்துடப் போறா. டேய் குட்டி, துணிய இழுக்காதடா... பாரு, நேரா அந்த சந்துக்குள்ளதான் கைய விடறான். ஏன் லிடியா, எஸ்ரா எவ்ளோ சந்து விட்டான்? சாணா, இல்ல நாலு வெரலா? புக்குல போட்டிருக்கா? கொஞ்சம் கொறைச்சிக்கலாமான்னு பாக்கறேன்.

லிடியா: எஸ்ரா எங்கங்க மேசை போட்டான்? அவன் கடைசி வரைக்கும் போடவே இல்ல. அவனப் பொதைச்சிட்டு வந்த அன்னிக்கி, அவன் பொண்டாட்டிதான் இன்னொரு மேசைய இழுத்துப் போட்டு, ஒரே துணிய விரிச்சி, பொண்ண உக்கார வச்சா. எஸ்ரா நாற்காலி காலியாக் கெடந்துச்சி. நேத்து அத உங்ககிட்ட படிக்க எனக்கு மனசு வரல, மாத்திச் சொல்லிட்டேன்... இப்ப மேசை ரெண்டும் ஒட்டற மாதிரி நீங்க தள்றீங்களா, நான் தள்ளட்டுமா?