மச்சானை எடை போட்ட விதம்

மச்சானின் கால்சட்டை எல்லார் முன்னாலும் அவிழ்ந்து விழுந்ததற்கு நான்தான் காரணம். அதில் சந்தேகமே வேண்டாம், நீலாவதி மிஸ்ஸி. அந்த நைலான் கயிற்றில் முடிச்சுப் போட்டது நான். பின்னாலிருந்து பிடித்து இழுத்ததும் நான். ஆயுசு முழுக்க லாரியில் தார்ப்பாய் கட்டினவன் போட்ட முடிச்சு அவிழ்ந்துவிட்டதே என்பதுதான் எனக்கு முதலில் வந்த வருத்தம். மற்றதெல்லாம் பிறகுதான் வந்தது.

நல்ல வேளையாக உள்ளே அரைக்கால் சட்டை இருந்தது. என் தங்கை விமலா விவரமானவள். புருஷனை டயாலிசிஸுக்கு அனுப்பும்போது உள்ளாடை வரைக்கும் பார்த்துத்தான் அனுப்புவாள்.

நர்ஸ் என்ற முறையில் நீங்கள் கேட்டது கால்சட்டையைப் பற்றி அல்ல என்பது தெரியும். உங்கள் டயாலிசிஸ் நிலையத்தில் மச்சான் சுகுமாறன் எடைக் கருவியில் நிற்கும்போது என் கை அவன் இடுப்பில் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டீர்கள். தூக்கிக்கொண்டிருந்தது.

தங்கை புருஷனை அவன் இவன் என்கிறேன் என்று நினைக்காதீர்கள். மாப்பிள்ளை ஆவதற்கு முன்பே அவன் எனக்கு லாரியில் கூட்டாளி. எஸ்டேட்டில் செம்பனைக் குலை ஏற்றினோம். மில் எடைமேடையில் எடையைக் கூட்டுவது எப்படி என்று எங்களைக் கேட்க வேண்டும். உள்ளே போகும்போது தண்ணீர்ப் பீப்பாய் இருக்கும், ஸ்பேர் டயர் இருக்கும், சில நாள் சீட்டுக்கடியில் மச்சானே இருப்பான். வெளியே வந்து வெறும் லாரியை நிறுக்கும்போது இதெல்லாம் இருக்காது. எடை என்றால் எங்களுக்கு அது முள்ளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவனோடு ஆடுகிற ஆட்டம். அதை உடம்போடு சேர்த்துப் பார்க்க எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இல்லை, அது பொய். நீங்கள் சொல்லித் தந்தீர்கள். வற்றின உடம்புக்கு ஒரு எடை உண்டு, அதற்கு மேல் ஏறியிருப்பதெல்லாம் உள்ளே தங்கின தண்ணீர், அதைத்தான் மெஷின் உறிஞ்சும் என்று படம் போட்டே காட்டினீர்கள். எனக்கு நன்றாகப் புரிந்தது.

ஆனால் நீங்கள் திட்டினீர்கள். "என்ன அங்கிள், வீட்டுத் தண்ணித் தொட்டியவே குடிச்சிட்டு வந்துட்டீங்களா?" என்றீர்கள். உங்கள் கடமை. எஸ்டேட்டில் வேலை வாங்குகிற மண்டோரையே முகத்துக்கு நேரே கேலி செய்தவன் அன்றைக்குப் பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

அடுத்த முறை கருவியில் ஏறும்போது தடுமாறினான். விழாமல் இருக்க இடுப்பைப் பிடித்தேன். எண் இறங்கியது. "குட் அங்கிள், இப்படித்தான் கண்ட்ரோலா இருக்கணும்," என்றீர்கள். திரும்பும் வழியில் மம்பாவ் ஊர் தாண்டும் வரை சிரித்துக்கொண்டே வந்தான். அப்படிப் பாராட்டு வாங்கின மனுஷனிடமிருந்து அதைத் திரும்பப் பிடுங்க உங்களுக்கு மனசு வருமா? எனக்கு வரவில்லை. அதற்கப்புறம் அவன் தடுமாற வேண்டிய அவசியமே இருக்கவில்லை. டயாலிசிஸ் முடிந்து போகும்போது பார்க்கிற எடைக்கும் ஒரு கை கொடுத்தேன். கணக்கு ஒத்துப்போக வேண்டுமே.

சாப்பாட்டு விஷயத்தில் விமலாவைக் குறை சொல்லவே முடியாது. கீரையையும் உருளைக்கிழங்கையும் ஊறவைத்து, கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைப்பாள். பொட்டாசியம் போக வேண்டுமாம். கூடவே ருசியும் போய்விடும், உப்பும் கிடையாது. அதற்காகத்தான் நான் கருவாடு வறுத்துக் கொண்டுபோனேன். கருவாடு தின்றவனுக்குத் தாகம் எடுக்கும். அதற்காகத்தான் சாலை பிரிகிற சிம்பாங்கில் பஞ்சாலை என்கிற அக்காவின் டீக்கடை. நாள் முழுக்கக் குடிக்க ஒரு போத்தல்தான் என்று நீங்கள் அளந்து கொடுத்திருந்தீர்கள். அந்தப் போத்தலை நாங்கள் தாண்டவே இல்லை. திரும்பத் திரும்ப நிரப்பினோம்.

"அவருக்கு அளவு இருக்கு லா, போதும்," என்பார் பஞ்சாலை அக்கா, தே தாரிக் பால்டீயை நுரைக்க ஆற்றிக்கொண்டே.

"இதுல பாதி நுரைதான் அக்கா. நுரைன்னா காத்து."

"அப்ப அந்த ஐஸ் கச்சாங்?"

"அது சீவின ஐஸ், கடிச்சுத் திங்கிறது. சாப்பாட்டுல சேரும்."

"உனக்குப் போய்ப் புனிதன்னு பேரு வச்சாங்க பாரு. டாக்டருக்குப் படிச்சிருந்தா ஊரே காலியாயிருக்கும்."

மச்சான் சிரிப்பான். கிளாஸை எடுப்பான். என்னை ஒரு பார்வை பார்ப்பான். குடிப்பான்.

சாயங்காலம் ஆனால் நான்தான் மோட்டார் சைக்கிளில் போய் அவனை அக்கா கடைக்குக் கூட்டி வருவேன். வீட்டில் தனியாக உட்கார்ந்து நோயையே நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது, பாருங்கள். விமலா இருந்தாள்தான். பேரப்பிள்ளைகள் இருந்தார்கள், டிவி இருந்தது, ஓயாத சத்தம் இருந்தது. இருந்தாலும் ஓர் ஆம்பளைக்கு ஆம்பளைத் துணை வேண்டாமா? செண்டாயான் பக்கத்து எங்கள் எஸ்டேட்டில் பாதி வீடுகளாகிவிட்டது, லாரியும் போய்விட்டது, என் வீட்டுக்காரியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். எனக்கு நேரம் நிறைய இருந்தது. அதை அவனுக்குக் கொடுத்தேன்.

நான் அவனைக் கவனிக்காமல் விட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. கால் வீங்கி செருப்பு நுழையவில்லை, பெரிய சைஸ் வாங்கித் தந்தேன். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றான், என் வீட்டுச் சாய்வு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டேன். நாலு எட்டு நடந்தால் நின்றுவிடுகிறான், காரை உங்கள் வாசற்படி வரை ஏற்றி அங்கே காவலுக்கு நிற்கிற உங்கள் ஜாகாவிடம் ஏச்சு வாங்கினேன். கால்சட்டைப் பொத்தான் சேரவில்லை, நைலான் கயிறு கண்டுபிடித்தேன். விமலா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நீங்க இல்லாட்டி இவரை யாரு பார்ப்பா," என்று அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன்.

அவன் ஏற ஏற நான் தூக்க வேண்டியதும் ஏறியது. வீட்டுக்குப் போய் முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொள்வேன். இவ்வளவு வலியை ஒருத்தனுக்காகத் தாங்குகிறோமே என்று பெருமையாகக்கூட இருந்தது.

அன்றைக்கு எடை மிஞ்சிவிட்டது. இழுத்தேன், முடிச்சு கழன்றது, என் கை கயிற்றோடு வந்துவிட்டது. எண் ஏறிக்கொண்டே போனதை நீங்கள் பார்த்தீர்கள். அப்புறம் என்னைப் பார்த்தீர்கள். அதற்குள் மச்சானின் உதடு நீலமாகிவிட்டது.

ஆகவே முழுவதையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை நாள் நீங்கள் மெஷினில் அழுத்தினது அவன் எடை இல்லை, என் கை போக மீதி. மெஷின் எடுக்காமல் விட்ட தண்ணீர் அவன் காலில் தங்கி, வயிற்றில் தங்கி, கடைசியில் நெஞ்சுக்கூட்டுக்குள் போய்ச் சேர்ந்தது. அவன் கட்டாந்தரையில் நின்றபடியே மூழ்கிக்கொண்டிருந்தான் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். மூழ்கடித்தது நான். தெரிந்துதான் செய்தேன். அன்பாகத்தான் செய்தேன்.

நேற்று வார்டுக்குப் போனேன். விமலா வாசலிலேயே மறித்தாள்.

"கையைக் காட்டுங்க."

காட்டினேன்.

"பையைக் காட்டுங்க."

அதையும் காட்டினேன். அண்ணே என்ற வார்த்தை வரவில்லை. தள்ளி நின்று வழி விட்டாள்.

மச்சானுக்கு மூக்கில் குழாய். நாள் தவறாமல் மெஷினில் போட்டு வற்றவைத்திருந்தார்கள். கன்னத்தில் எலும்பு தெரிந்தது. இதுதான் அவனுடைய நிஜமான எடை போலிருக்கிறது. "கட்டிலோட சேர்த்தே தூக்கிடுவேன் போலிருக்கு மச்சான்," என்றேன். அவன் சிரிக்கவில்லை. எனக்கும் அதற்கு மேல் தமாஷ் வரவில்லை.

"ஒரு வார்த்தை வேணாம்னு சொல்லியிருந்தா நான் ஊத்திக் கொடுத்திருப்பேனா?" என்று கேட்டேன். "அப்படி என்னதான் தாகம் உனக்கு?"

எதைக் கேட்டாலும் கேலியாகப் பதில் சொல்கிறவன். அதற்காகத்தான் காத்திருந்தேன். அவன் மூச்சை இழுத்து, விட்டு, மறுபடி இழுத்தான்.

"தாகத்துக்கு வாய் கொப்பளிச்சாலே போதும் மச்சான்," என்றான். "நான் கடைய விட்டு எழுந்தா நீ அந்தக் காலி வீட்டுக்குப் போகணும். அதுக்காகத்தான் இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு குடிச்சேன்."