பன்னெண்டு அடிச்சும் பதினொண்ணு

அய்யய்யோ, வாட்சுச் சாவியைத் தொடாதீங்க சேஷகிரி சார். நான் காட்ட நெனச்சது கெட்டுப்போயிரும். அப்பிடியே மேஜை மேல வைங்க. இன்னும் கொஞ்ச நேரந்தான். மெதுவாப் பேசுங்க, உள்ள எம் பொண்டாட்டி இருக்கா.

ஆமா, முள்ளே கெடையாது. மூஞ்சி முச்சூடும் தங்கம், ரெண்டே ரெண்டு ஜன்னல். மேல மணி, கீழ நிமிஷம். நிமிஷம் பாட்டுக்கு நகந்துகிட்டே இருக்கும். மணி நம்பரு அசையாது. அறுபது நிமிஷம் முடிஞ்சதும் டக்குனு ஒரே குதி. சுவிஸ் சரக்கு சார். உங்க அலமாரியில இருக்கற இருபத்தேழும் இது பக்கத்துல நிக்காதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க.

எனக்கா? எப்பிடிக் கெடைச்சுதுன்னு எல்லாருந்தான் கேக்கறாங்க. திருடலை. ரிச்மண்ட் டவுன் துரை ஒருத்தர், சீமைக்குக் கப்பலேறப் போறதுக்கு முன்னாடி சவுத் பரேடுல நான் ரிப்பேர் பாக்கற வாட்சுக் கடைக்கு வந்து, மேனேஜர் கண்ணெதிர்ல என் கையில கட்டிவிட்டாரு. சொந்த மச்சான்னு பாக்காம உண்மையைச் சொன்னவன் இந்த ஓஸ்வால்ட்டுன்னாரு. கடையில எல்லாரும் கை தட்டுனாங்க. நான் சட்டைக் கையை இழுத்து அதை மூடிக்கிட்டேன்.

மச்சான் பேரு ரெமிஜியஸ். எம் பொண்டாட்டி பவுலினோட தம்பி. அந்தத் துரைகிட்ட பட்லரா இருந்தான். ஒருநாள் துரைசானி நெக்லஸ் காணாமப் போச்சு. துரை என்ன சொன்னாரு, டிரெஸ்ஸிங் ரூம் வாசல்ல இவன் நின்னான், வாட்சைப் பாத்தேன், எட்டு மணி ரெண்டு நிமிஷம்னாரு. இவன் சொல்றான், எட்டரை வரைக்கும் அக்கா வீட்டுல சாப்ட்டுகிட்டு இருந்தேன், பங்களாவுல கால் வச்சதே ஒம்பதுக்குங்கறான். பவுலினும் கோர்ட்டுல கூண்டுல ஏறி அதையேதான் சொன்னா. அக்கா சொன்னா எவன் நம்புவான்? நேரத்தைப் பத்திப் பொய் சொல்றவன்தான் நகையை எடுத்திருக்கணும்னு ஆயிப்போச்சு.

நானா? நான் அப்ப கடையில இருந்தேன்.

மணி அடிக்குது, கேட்டீங்களா? பிளாக்பள்ளி மாதா கோயிலு, பன்னெண்டு. இருங்க, ஒரு அருள் நிறைஞ்ச மரியே சொல்லிக்கறேன்.

ம். இப்ப உங்க பாக்கெட் கடியாரத்தை எடுங்க. பன்னெண்டா? இதைப் பாருங்க. கீழ சைபர். மேல? பதினொண்ணு. நின்னுபோகலை சார், நிமிஷம் ஓடுது பாருங்க. நாலு நிமிஷம் இந்த லட்சணத்துலதான் இருக்கும். அதுக்குள்ள பாக்கறவனுக்கு முழுசா ஒரு மணி நேரத்தை முழுங்கிரும்.

ஆமா. துரை பாத்தப்ப ஒம்பது ரெண்டு, எட்டு ரெண்டாயிருச்சு. உங்களுக்கு உடனே புரிஞ்சிருச்சு. அன்னிக்குக் கோர்ட்டுல இருந்த ஒருத்தருக்கும் புரியலை.

துரைக்குத் தெரியாம என்ன? அதுக்குத்தான் ஒரு மாசம் முன்னாடியே ரிப்பேருக்குக் கொண்டாந்தாரு. என் மேஜைக்குத்தான் வந்துச்சு. மணித் தட்டைத் தள்ளற ஸ்பிரிங்கு தளந்துபோயிருந்துச்சு. வேற ஸ்பிரிங்கு இந்த ஊர்ல கெடையாது. முடியலைன்னு சொன்னா அந்த மேஜையில வேற ஆளு உக்காந்திருப்பான். தொடச்சேன், எண்ணெய் விட்டேன், சரியாயிருச்சுன்னு சீட்டு எழுதிக் குடுத்துட்டேன். அந்த மனுசனும் நம்பிட்டாரு.

அப்புறம் கோர்ட்டுல என்னையே கூப்ட்டுக் கேட்டாங்க, இந்த வாட்சு நேரம் தப்புமான்னு. எதிர் பெஞ்சுல மேனேஜரு உக்காந்திருந்தாரு. அவருக்குப் பின்னாடி பவுலினு. பைபிள் மேல வச்ச கை ஈரங்கூட காயலை, ஒரு நிமிஷங்கூடத் தப்பாதுன்னேன். நிமிஷம் தப்பாது சார், மணிதானே தப்புது. அப்பிடி எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சொந்த மச்சானே சொல்றானேன்னு ஜட்ஜு எழுதிக்கிட்டாரு. ரெண்டு வருஷம்.

இருங்க, கண்ணை எடுக்காதீங்க. ஆ, குதிச்சிருச்சு! என்ன அழகு பாருங்க. பாவி.

நாளைக்குக் காலையில அவனை ஜெயில்லேர்ந்து விடறாங்க. உள்ள மிஷின் சத்தம் கேக்குதில்ல? அவனுக்குத்தான் பவுலினு சட்டை தைக்கிறா. அவ தம்பி வரும்போது இது இந்த வீட்டுல இருக்கக் கூடாது. நீங்க என்ன குடுத்தாலும் சரி, எடுத்துகிட்டுப் போயிருங்க.

என்ன சார், கையை இழுத்துக்கறீங்க? கோளாறு இருக்குன்னு முன்கூட்டியே சொல்லிட்டேனே உங்ககிட்ட. இதை மொதமொதலா உங்ககிட்டதான் சொல்றேன்.