காடைகளுக்கு ஏற்ற அறை

கூதிர்க் காலத்தின் கடைசி நாட்களுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. மழை பெய்வதில்லை, ஓய்ந்துவிட்டது என்று சொல்லவும் முடிவதில்லை. வானம் ஈயம் பூசிய பாத்திரத்தின் உட்புறம் போல மங்கிக் கிடக்கும். சுவர்கள் வியர்க்கும். கொடியில் இட்ட துணி உலராமல் கனத்துத் தொங்கும். வாடைக்காற்று ஒவ்வொரு கதவையும் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும். மனிதர் தாழிட்டுக்கொண்டு உள்ளே இருப்பர். அவர்களுடைய மூச்சு அவர்களையே சுற்றிச் சுற்றி வரும். பிரிந்தவரை வருத்தும் காற்று என்று வாடையைப் பழம்புலவர்கள் பாடினார்கள். எனக்கோ அது, பிரிய இருந்தவளை நிறுத்திவைத்த காற்று.

காடைக்கூண்டை அந்த அறையில் ஏன் வைத்தீர்கள் என்று கேட்டீர்கள், அம்மா. காவல் நிலையத்துக்கு நான் வந்தது முதல் நீங்கள் கேட்டவற்றில் இதுவே சரியான கேள்வி. ஆகவே ஒழுங்காக விடை சொல்கிறேன். இடையில் நிறுத்தாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவன். பெரும்பாலும் பக்தி நூல்கள். ஒற்று மிகாத இடத்தில் மிகுந்திருந்தால் என்னால் உண்ண முடியாது. வீட்டில் நானும் என் தங்கையும் மட்டும். பெற்றோர் மறைந்தபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். நான் மணம் செய்துகொள்ளவில்லை. அவளுக்கு முப்பது வயது கடந்த பின்னும் நான் பாப்பா என்றே அழைத்தேன். அவளும் அந்தப் பெயருக்கே ஏன் என்று குரல் கொடுத்தாள்.

பாப்பாவுக்குப் பிறவியிலேயே இளைப்பு. குளிர் வந்தால் நெஞ்சுக்குள் யாரோ மெல்லிய குழல் ஊதுவது போல ஓர் ஒலி எழும். அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்து, அந்தக் குழலின் ஏற்ற இறக்கத்தைக் கேட்டுக்கொண்டே நான் வளர்ந்தேன். முதுகில் தைலம் தேய்த்தது நான். வெந்நீர் ஆவி பிடிக்கவைத்தது நான். சந்தி வேளையில் அடுத்த அறையில் அமர்ந்து அவளுக்காகப் பதிகம் பாடியதும் நான்தான்.

பிறகு ஒரு மருத்துவர் வாயில் வைத்து இழுக்கும் புதிய மருந்தொன்று கொடுத்தார். குழல் நின்றது. பாப்பா படிகளைத் தாவித் தாவி ஏறினாள். வேலைக்குப் போனாள். மூக்குக்கண்ணாடி மாற்றப் போன கடையில், கண்ணாடி செய்பவரையும் பார்த்துவிட்டு வந்தாள்.

"அண்ணா, உக்காரு. ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"திட்டினா மட்டும் கேட்டுடுவியா?"

"கேக்க மாட்டேன். அதனாலதான் மூச்சை வீணாக்காதேன்னு முன்னாடியே சொல்றேன்." அவள் சிரித்தாள். "குளிர் போனதும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். அவருக்கு வேற ஊர்ல கடை போட இடம் கிடைச்சிருக்கு. அங்க காத்துல ஈரமே கிடையாதாம். எனக்கு இழுப்பு எட்டிக்கூடப் பாக்காதாம்."

"கண்ணாடிக்காரர் வைத்தியமும் பாக்கறாரா?"

"போண்ணா. நீயும் நிம்மதியா தூங்கலாம். இத்தனை வருஷம் என் நெஞ்சைக் காவல் காத்தது போதும்."

அவள் அன்பாகத்தான் சொன்னாள். போதும் என்ற அந்தச் சொல்லை மட்டும் என்னால் திருத்த முடியவில்லை.

அந்த வாரம் காடை வளர்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. பிரியப்போகும் தங்கைக்கு ஓர் அண்ணன் பரிசு கொடுப்பதில் வியப்பில்லை. சிறு வயது முதல் ஏதாவது ஓர் உயிரை வளர்க்க வேண்டும் என்று அவள் ஏங்கியவள். பூனை கூடாது, நாய் கூடாது என்று மருத்துவர்கள் தடுத்துவைத்திருந்தார்கள். காடையைப் பற்றி எவரும் ஒன்றும் சொன்னதில்லை.

கூண்டு செய்பவரின் பட்டறைக்குப் போனேன். வாய் ஓயாத மனிதர்.

"காடைக்கு மூளை கொஞ்சம், பயம் நிறைய சார். பயந்துச்சுன்னா நேரா மேல எகிறும். கூண்டு ஒசரமா இருந்தா வேகம் பிடிச்சு மண்டையை உடைச்சுக்கும். ஒரு சாண், மேல நாலு விரல், அவ்வளவுதான். எகிற இடமே இல்லேன்னா அடியும் படாது பாருங்க."

எகிற இடமே இல்லாவிட்டால் அடியும் படாது. எவ்வளவு கருணையான ஏற்பாடு என்று நினைத்தேன்.

மரக்கூண்டை மறுத்தேன், ஈரம் குடித்து நாறும். அடுக்குக் கூண்டையும் மறுத்தேன். மேல்தட்டுப் பறவைகளின் அழுக்கு கீழ்த்தட்டில் சிந்தும். துரு ஏறாத கம்பிவலைக் கூண்டு ஒன்றைத் தேர்ந்தேன். தரைவலையின் கண் பெரிதானால் கால் சிக்கும், சிறிதானால் எச்சம் கீழே விழாது; என் விரலை நுழைத்துப் பார்த்தே ஒப்புக்கொண்டேன். முட்டை தானே உருண்டு முன்பக்கம் வரும்படி தரை சற்றே சரிந்திருந்தது. அடியில் எச்சத்தைத் தாங்க, இழுத்து எடுக்கும் தட்டு. கூரைக்கு உள்ளே மெத்தென்ற துணி கட்டச் சொன்னேன்.

"சார், பொண்ணு பாக்கப் போறவங்ககூட இவ்வளவு கேள்வி கேக்க மாட்டாங்க," என்றார் அவர். இன்னும் பல குறிப்புகள் சொன்னார். எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டேன்.

எங்கே வைப்பது என்பதுதான் பெரிய சிந்தனை. காடைக்கு நேர்க்காற்று ஆகாது. அடுப்புப் புகை ஆகாது. தெருச் சத்தம் ஆகாது. கூடத்தில் வாசற்கதவு திறக்கும்போதெல்லாம் வாடை நுழையும். சமையலறையில் புகை. என் அறை தெருவை ஒட்டியது. பாப்பாவின் அறை வீட்டின் உட்பகுதியில், ஒற்றைச் சன்னலோடு, கருப்பை போல வெதுவெதுப்பாக இருந்தது. எப்பக்கம் நின்று பார்த்தாலும் அதுவே காடைகளுக்கு ஏற்ற அறை. மேலிருந்து நிழல் விழுந்தால் அவை மிரளும். ஆதலால் படுத்திருப்பவளின் முகத்துக்கு நேரே, தலையணை மட்டத்தில் மேசையிட்டுக் கூண்டை வைத்தேன். சன்னல் இடுக்குகளைத் துணித்துண்டுகளால் அடைத்தேன். புழுதியில் புரள்வது அவற்றின் குளியல் என்பதால், சலித்த சாம்பலும் நுண்மணலும் கலந்து ஒரு பெட்டியில் நிரப்பி உள்ளே வைத்தேன்.

பாப்பா குழந்தையாகிவிட்டாள். கத்துவதைத் தவிர வேறு வேலை செய்யாத ஆண் காடைக்கு மேனேஜர் என்று பெயரிட்டாள். "அண்ணா, நீ பாட ஆரம்பிச்சா மேனேஜர் வாயை மூடிக்கிறாரு. பக்தியா பயமான்னு தெரியல," என்பாள். மாலையில் விளக்கொளியில் காடைகள் சாம்பலில் புரளும். மெல்லிய பொன்துகள் எழுந்து அறை முழுதும் மிதந்து, அவள் கூந்தலிலும் போர்வையிலும் இறங்கும். பார்க்க அழகாக இருக்கும்.

சில வாரங்களில் குழல் மீண்டும் ஒலித்தது.

மருத்துவமனையில் பாப்பாவின் முகத்தில் மருந்தாவி செலுத்தும் மூடி இருந்ததால் அவளால் பேச முடியவில்லை. "வீட்டுல புதுசா ஏதாவது வந்துதா? கம்பளி, பூனை, நாய்?" என்று மருத்துவர் என்னைக் கேட்டார். கம்பளியும் இல்லை, பூனையும் இல்லை, நாயும் இல்லை என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

திருமணம் தள்ளிப்போயிற்று. நான் மறுபடியும் கட்டிலருகே பாய் விரித்தேன்.

தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எச்சத்தட்டை நாள்தோறும் எடுத்துக் கழுவினால் அவள் எழுந்து நடமாடுவாள். கழுவாமல் விட்டால் கண் எரியும் ஒரு நெடி எழும், அவள் படுப்பாள். முதலில் அச்சகத்தில் வேலை மிகுதி, அதனால் விட்டேன். பின்னர் அளவு எனக்குக் கைவந்தது. எவ்வளவு விட்டால் அவள் என் தோளில் சாய்ந்து நடக்கும் நிலையில் இருப்பாள், எவ்வளவு விட்டால் கண்ணாடிக்காரருக்குத் தொலைபேச இயலாதபடி களைத்திருப்பாள் என்பதெல்லாம் தெரிந்தது. அவளைத் துன்புறுத்த ஒருநாளும் எண்ணியதில்லை. மிகுந்து போகும்போதெல்லாம் நானே ஓடிப்போய்க் கழுவினேன்.

ஒருநாள் வேலையிலிருந்து திரும்பியபோது கூண்டு கூடத்தில் இருந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து அவளே நகர்த்தியிருக்கிறாள். மூன்று நான்கு நாட்கள் அங்கேயே விட்டுவைத்தேன். பாப்பாவின் முகத்தில் நிறம் திரும்பியது.

"அண்ணா, மேனேஜர் கூடத்துலயே இருக்கட்டும். அவர் வெளிய போனதுலேர்ந்து நான் நல்லாத் தூங்கறேன்."

"மருந்து மாத்தினாங்கல்ல, அதனால."

"இல்லண்ணா. எனக்கென்னவோ அந்தத் தூசிதான்னு தோணுது."

"வாடையில செத்துடும், பாப்பா. பாவம், வாயில்லாத உயிர்."

அவள் வெகுநேரம் என்னைப் பார்த்தாள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே கூரையின் கீழ் இருந்தவர்களுக்கு ஒரு பார்வை போதும். "சரி, உள்ளயே வை," என்றாள். என் மனம் நோகக் கூடாது என்று சொன்னாளா, அறிந்தே சொன்னாளா என்று இப்போதும் எண்ணிப் பார்க்கிறேன். அறிந்திருந்தால், என்னை மன்னித்துவிட்டாள் என்றுதானே பொருள்?

கூண்டு செய்பவரை நீங்கள் விசாரித்திருப்பீர்கள். அவர் சொன்ன குறிப்புகளில் ஒன்றை இதுவரை நான் சொல்லவில்லை. "எங்க வேணாலும் வைங்க சார், நெஞ்சுல இழுப்பு இருக்கிறவங்க படுக்கிற ரூம்ல மட்டும் வெச்சிடாதீங்க. இந்தத் தூசியும் நெடியும் ஆளையே சாய்ச்சிடும்." சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி, அதை மறுபடியும் சொல்லச் செய்தேன். மெய்ப்பு பார்ப்பவன் ஐயத்தோடு எழுந்து வரமாட்டான்.

கடைசியில் கண்ணாடிக்காரர் பொறுமை இழந்தார். கல்யாணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அந்த ஊர்க் காற்றுக்கு வந்து சேர் என்று சொல்லி, விடிந்ததும் வண்டியோடு வருவதாக இருந்தார். பாப்பா பெட்டி கட்டினாள். அந்த வாரம் முழுவதும் நான் தட்டைத் தொடவில்லை. அன்று பிற்பகலில் சாம்பல் பெட்டியைப் புதிதாக நிரப்பினேன். அவள் உறங்கிக்கொண்டிருந்தாள், சன்னல் துணிகளைச் சரிபார்த்துக் கதவைச் சாத்தினேன்.

சந்தி வேளையில் அடுத்த அறையில் பதிகம் தொடங்கினேன். இரண்டாம் பாட்டில் அவள் சுவரைத் தட்டினாள். காடைகள் எகிறித் துணிக்கூரையில் மோதும் ஒலி கேட்டது. மெத்தென்ற ஒலி, அவற்றுக்கு அடிபட்டிருக்காது. மறுபடியும் தட்டினாள், உயரம் குறைந்த இடத்தில். பதிகத்தைப் பாதியில் நிறுத்தும் வழக்கம் எனக்கில்லை. கடைசிப் பாட்டையும் பாடி, பயன் சொல்லும் அடிகளையும் பாடி முடித்தே எழுந்தேன். அப்போது தட்டல் நின்றிருந்தது. காடைகள் எல்லாம் ஒரே மூலையில் ஒண்டி, ஒன்றும் கத்தாமல், என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

இயற்கையான மரணம் என்றார்கள். கண்ணாடிக்காரர்தான் அந்த அறையில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, கூண்டையும் பார்த்து, என்னையும் பார்த்தார். புகார் கொடுத்தார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

அந்த வீட்டில் இப்போது பறவைகள் இல்லை. ஆனால் குழல் இருக்கிறது. சுவருக்கு அப்பாலிருந்து, ஏறி, இறங்கி, ஒரு கணம் நின்று, மீண்டும் ஏறுகிறது. இந்த அறையிலும் கேட்கிறது. நீங்கள் பேனாவை எடுக்கும்போது கவனியுங்கள். அது அச்சம் தருகிறது என்று சொல்லமாட்டேன். ஆனால் அது நிற்கும் அந்தக் கணத்தில் எனக்கும் மூச்சு நின்றுவிடுகிறது. நேற்று நெடுநேரம் நின்றது.

எழுதிக்கொள்ளுங்கள், அம்மா: தெரிந்தே கூண்டைத் தேர்ந்தேன், தெரிந்தே அங்கே வைத்தேன், தட்டும் ஒலி கேட்டும் போகவில்லை, என் தங்கையைக் கொன்றவன் நான். அவளைச் சாகவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. போகவிடக் கூடாது என்றே நினைத்தேன். அவளும் போகவில்லை.

நான் கையொப்பம் இடுவதற்கு முன் சிறிது பொறுங்கள். சந்தி வேளை ஆகிறது. இங்கே ஏற்றிவைக்க விளக்கு இல்லை, பாதகமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கிழக்கு நோக்கி நின்று, கண்களை மூடி, இரு கைகளையும் நெஞ்சின் மேல் குவித்துக்கொள்கிறேன்.

கண்ணாடிக்காரர் நலமாக இருக்கட்டும். காடைகள் காற்றுப்படாத இடத்தில் இருக்கட்டும். நீங்களும் உங்கள் வீட்டாரும் நீடு வாழ்க. மூச்சுள்ள யாவும் இனிது வாழ்க.