போனுக்குச் சொன்ன பாவா

பழைய போன்களுக்குக் காது கொஞ்சம் மந்தம், சார். புதுசு என்றால் முணுமுணுத்தாலே விழித்துக்கொள்ளும். பழசுக்கு வாயைத் திறந்து, தெளிவாக, மரியாதையாகச் சொல்ல வேண்டும். திருத்தணி பஸ் ஸ்டாண்டு அருகே செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இறந்துபோன ராஜமாணிக்கம் என் மனைவி தேவயானியின் தம்பி. ஆர்.கே.பேட்டையில் விசைத்தறிகள், திருத்தணியில் மாடி வீடு. 'நெசவுச் செம்மல்' என்று தனக்குத்தானே பட்டம் கொடுத்து, அதற்குத் தானே பாராட்டு விழா நடத்தி, மேடையில் தானே கூச்சப்பட்டவர். எங்கள் பக்கத்தில் அக்கா புருஷனைப் பாவா என்றுதான் கூப்பிட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. "டேய் ரிப்பேர்" என்பார். தேவயானியைச் சுடுகாட்டுக்கு எடுத்த அன்றும், பந்தலில் அத்தனை பேர் நடுவே, "டேய் ரிப்பேர், அழுதுகினே இருந்தா ஆச்சா? அந்த மைக்கு இன்னானு பாரு, இரங்கல் பேசணும்" என்றார். பார்த்தேன். நன்றாகவே பேசினார், பெரும்பாலும் தன்னைப் பற்றி.

ஆனி மாதம் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தார். கை தொடாமல், குரலிலேயே போனை எழுப்பி ஆளைக் கூப்பிட வழி செய்யச் சொன்னாள் அவர் மனைவி மோகனப்ரியா. அடுத்த தெருவில் இருப்பவன் என்பதால் என் நம்பருக்கு வருகிற மாதிரி வைத்தேன். அவருடையது தங்க நிற உறை போட்ட பழைய போன். எழுப்பும் வார்த்தையை நாமே வைத்துக்கொள்ளலாம்; ஆனால் சொந்தக் குரலில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்க வேண்டும்.

"பாவான்னு சொல்லுங்க" என்றேன்.

"வேற வார்த்தையே இல்லியாடா? முருகான்னு வையி."

"நீங்க கொட்டாவி விட்டாலே முருகான்றீங்க. நாள் பூரா எனக்கு ரிங்கு வந்துகினே இருக்கும்."

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். போன் ஏற்றுக்கொண்டதும், "போனுக்குத்தான் சொன்னேன். உனுக்கில்ல" என்றார். மோகனப்ரியா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஆடிக்கிருத்திகை அன்று வீட்டில் எல்லோரும் காவடியோடு மலைக்குப் போயிருந்தார்கள். உச்சிவெயிலில் என் போன் அடித்தது; எடுத்தேன். கூட்டச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று முதல் விசாரணையில் உங்களிடம் சொன்னது பொய். தெரு முழுக்க அரோகராதான். ஆனாலும் தெளிவாகக் கேட்டது.

"பாவா, நெஞ்ச அடைக்குது. வந்துடுங்க."

'ங்க' போட்டுப் பேசினார், சார்.

கடை ஷட்டரை இறக்கினேன். கிளம்புவதற்காக என்று நினைத்துவிடாதீர்கள்; வெளிச் சத்தம் இடைஞ்சலாக இருந்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். என் பக்கம் பேச்சே இல்லாததால் போன் எழவில்லை என்று நினைத்தார் போல. மறுபடி "பாவா". கொஞ்ச நேரம் கழித்து, மூச்சுக்கு நடுவே, இன்னும் பணிவாக, "பாவா".

வீட்டுச் சாவியை என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். நடந்தே போயிருக்கலாம். அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. இன்னும் ஒரு தடவை கூப்பிடட்டும், எழுந்துவிடலாம் என்றுதான் ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்திருந்தேன். அவர்தான் நிறுத்திவிட்டார்.