அப்பாவின் இங்கிலீஷ்

— ...உடனே அந்த ஆளு சட்டைய என் மூஞ்சில விட்டெறிஞ்சான்.

— கொரியன்ல சொல்லாதீங்கப்பா. அவன்கிட்ட சொன்ன மாதிரியே... இங்கிலீஷ்ல.

— உனக்கு எதுக்குடா அது?

— சும்மாதான். கேக்க ஆசையா இருக்கு.

— அடேங்கப்பா! லாஸ் ஏஞ்சல்ஸ் முழுக்க பஸ்ஸுக்கு பஸ் உன் மூஞ்சி. நீ என்னடான்னா சலவைக்கடைப் பின்கட்டுல உக்காந்து கிழவன் இங்கிலீஷ் கேக்குற!

— அப்பா...

— சரி, சரி. 'ஷர்ட் ஆல்ரெடி டெட், சார். மீ நோ கில்!' போதுமா?

— ஹஹ்ஹா! அப்புறம்?

— 'யூ பிரிங் டெட் பாடி, யூ வான்ட் பேபி?'

— அய்யோ... இருங்க, இருங்க. அந்த இஸ்திரிய கொஞ்சம் நிறுத்துங்களேன்.

— ஏன்?

— சத்தம்... சரியா கேக்கல.

— காது நல்லாத்தானே இருந்துச்சு உனக்கு? கிம்பாப் எடுத்துக்கோ. கல்லாவுல கூட்டம் நிக்கிறப்பவும் அம்மா உனக்குன்னு சோத்தச் சுருட்டி வெச்சா.

— அம்மாவா கல்லாவுல? நீங்க நிக்கிறதில்லையா?

— முதுகுவலி.

— அப்ப அவன் சட்டைய எறிஞ்சது...

— குறுக்க பேசாத தூஷிக். தின்னு. டிவி நாடகம் எப்படிப் போகுது?

— போகுதுப்பா. எல்லாரும் சிரிக்கிறாங்க.

— சிரிக்காம? சபையில பாஸ்டர் சம்சாரமே நாடகத்துல நீ பேசுற மாதிரி பேசிக் காட்டுது. அத்தன பேரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன்.

— நீங்க... நாடகம் பாக்குறீங்களா?

— வாரா வாரம்.

— சொன்னதே இல்லையே.

— நீ கேட்டாத்தானே. அதுல என்ன மாதிரியே இருமிட்டு இருமிட்டு கண்ணாடியத் தொடைக்கிற பாரு... நல்லா வந்திருக்கு.

— அப்பா, அது வந்து...

— ஒரு நாள் ஒரு சின்னப் பொண்ணு, அவ அம்மாவோட வந்துச்சு. நான் 'டியூஸ்டே பினிஷ்'னு சொன்னதும் விழுந்து விழுந்து சிரிக்குது. 'தாத்தா, டிவில வர்றவர மாதிரியே பேசிக் காட்டுறீங்களே! ஆனா அவர் அளவுக்கு வரல'ன்னுச்சு.

— ...நீங்க என்ன சொன்னீங்க?

— என்னத்த சொல்ல? 'தேங்க் யூ'ன்னேன்.

— அய்யோ... வெக்கமா இருக்குப்பா. உங்க மூஞ்சியவே பாக்க முடியல.

— அதுக்கு ஏன் கிம்பாப்ப கீழ வெக்கிற?

— கேளுங்கப்பா. நான் உங்களப் பாக்க மட்டும் வரல. எழுதுறவங்ககிட்ட சரக்கு தீந்துபோச்சு. புதுசா எதுவும் இல்லன்னா இத்தோட நாடகத்த நிறுத்திடுவாங்க. எனக்கு வேற வேஷமும் வராது... அதான் ஒவ்வொரு தடவ வர்றப்பவும்... என் போன்...

— தெரியும்டா. அந்தச் சட்டைக் குவியலுக்கு அடியில ரெக்கார்டு ஆயிட்டிருக்கு. அங்க வெச்சா நீராவிச் சத்தம்தான் விழும், எடுத்து மேசை மேல வை. அந்தப் பொண்ணு வந்துட்டுப் போனதுலேருந்து நான் கல்லாப் பக்கமே போறதில்ல. யார்கிட்டயும் இங்கிலீஷ் பேசுறதில்ல. சட்டைய எறிஞ்சவனும் கிடையாது, ஒருத்தனும் கிடையாது... நீ வர்றேன்னா மட்டும் எதையாவது யோசிச்சு வெச்சிருப்பேன். சரி, சொல்லு. இந்த வாரம் நான் யாரத் திட்டணும்?