அலுமாரிக்குள் விட்ட குழாய்

இல்ஃபோர்டுக்குப் போகும் பஸ்ஸில், வெக்கை தாங்காத ஒரு பின்னேரம். எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர், வேலை முடிந்து வருகிறவர்கள். இளையவர் சொன்னது காதில் விழுந்தது.

"அறைக்குள்ள உருட்டி வைக்கிற ஏசி வாங்கி வைச்சதிலை இருந்து அறை இன்னும் சுடுது அண்ணை. பிறந்து இருபது நாள் பிள்ளை, உடம்பெல்லாம் வேர்க்குரு."



"பின்னாலை இருக்கிற குழாயை எங்கை விட்டிருக்கிறாய்?"

"அலுமாரிக்குள்ள."

"விசரா! அந்தச் சூட்டுக்காத்து ஜன்னலாலை வெளியிலை போகவேணுமெடா."

"பிள்ளை பெத்த துடக்குக் கழியாத அறையெல்லோ? ஜன்னலைத் திறந்தா பிள்ளைக்குக் காத்துப் பிடிக்கும் எண்டு எங்களோடை நிக்கிற மாமி பேசுவா."

"கேட்டுப் பாத்தனியோ?"

"இல்லை..."

"போனை எடு."

எடுத்தார். "மாமி, குழாயை ஜன்னலுக்கு வெளியிலை விட்டு, மிச்ச இடைவெளியைத் துவாயாலை அடைக்க ஏலுமோ? காத்து உள்ளுக்கு வராது."

மாமியின் பதிலைக் கேட்டுக்கொண்டார். பிறகு போனை மடியில் வைத்தார்.

"என்னவாம்?"

"ஜன்னலை உடனை திறக்கிறாவாம். நாலு நாளா அவவும் புழுங்கிக்கொண்டுதான் இருந்தவவாம். மருமகன் ஆசையா வாங்கிப் போட்டதைக் குறை சொல்லக் கூடாது எண்டு வாய் திறக்கேல்லையாம்."